ஏப்ரல் 20-க்குள்ள ஒரு லட்சம்

நேத்து சாயங்காலம் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிட்டு இருந்தப்ப மேக்காலத் தோட்டத்துக்காரர் வந்தாருங்க. செல்போனை நீட்டி, "அண்ணா, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க"ன்னாரு. அவரு பையன் இந்த வருஷம் பிளஸ் டூ எழுதியிருக்கான். ரிசல்ட் இன்னும் வரலை. அதுக்குள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்துல இருந்து ஈமெயில் வந்திருக்கு. இந்தத் தேதிக்குள்ள பணம் கட்டினா சீட்டும் உறுதி, ஃபீஸ்ல சலுகையும் உறுதி. தேதி தாண்டினா ரெண்டும் இல்லை. "கட்டிப் போடட்டுமாண்ணா, இல்ல கவுன்சிலிங் வரைக்கும் இருக்கட்டுமா?"

படிக்கும்போதே எனக்கு அடிவயிறு என்னமோ பண்ணுச்சு. 2023-ல இதே மாதிரி ஒண்ணை வச்சுக்கிட்டு நானும் எங்க வீட்டம்மாவும் பதினேழு நாள் தூங்காம கிடந்தோம். அப்ப அதைப்பத்தி எழுதணும்னு நினைச்சு எழுதாம விட்டுட்டேன். இப்ப எழுதிடறேன். போன பதிவுல சொன்ன போர்வெல் மோட்டார் கதை அடுத்த வாரம்.

எங்க அம்மிணிக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கணும்னு பத்தாவதுல இருந்தே ஆசை. 2023 ஜனவரியில கூடப் படிக்கிற புள்ளைக நாலு பேரோட சேர்ந்து ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தோட நுழைவுத்தேர்வை எழுதினா. எனக்குத் தெரியும், ஆனா பெருசா எடுத்துக்கலை. பிளஸ் டூ பரிட்சை மார்ச் 13-ல ஆரம்பிச்சு ஏப்ரல் 3-ல முடிஞ்சுது. முடிஞ்ச அன்னைக்கு ராத்திரியே அவங்ககிட்ட இருந்து ஈமெயில். கம்ப்யூட்டர் சயின்ஸ் தர்றோம். ஃபீஸ் வருஷத்துக்கு 2,60,000, ஏப்ரல் 20-க்குள்ள ஒரு லட்சம் கட்டி உறுதி பண்ணினா வருஷத்துக்கு 60,000 தள்ளுபடி. ஹாஸ்டல், சாப்பாடு தனியா 1,20,000.

ரிசல்ட் மே 8-ம் தேதி. அதாவது மார்க் தெரியறதுக்குப் பதினெட்டு நாள் முன்னாடி பணம் கட்டணும். அந்தத் தேதியைச் சும்மா யாரும் வைக்கலை பாருங்க. மார்க் கையில வந்துட்டா நாம நாலு இடம் விசாரிப்போம், இது தேவலையா அது தேவலையான்னு பார்ப்போம். அதுக்கு முன்னாடியே கையெழுத்து வாங்கிடணும்.

ஒரு ஏட்டுல கணக்குப் போட்டேன். 2,00,000-மும் 1,20,000-மும் சேர்த்தா வருஷத்துக்கு 3,20,000. நாலு வருஷத்துக்கு 12,80,000. பஸ்ஸு, துணிமணி, லேப்டாப் எல்லாம் இதுல சேராது. பேங்குல போய்க் கேட்டேன். கல்விக் கடன் ஏழரை லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் இல்லாம தருவாங்க, அதுக்கு மேல போனா பத்திரம் வைக்கணும்னாங்க. எங்ககிட்ட இருக்கிறது வாய்க்காப் பாசனத்துல ரெண்டே முக்கால் ஏக்கரா. எங்கய்யன் கடைசி வரைக்கும் அடமானத்துக்குத் தராத பத்திரம்.

ஒரு லட்சத்துக்கு வழி, வீட்டுல அடுக்கியிருந்த மஞ்சள்தான். அந்த வருஷம் 20 குவிண்டால் விரலி. ஏப்ரல்ல ஈரோட்டுல எங்க சரக்குக்கு 6,600 கேட்டாங்க. ஒரு லட்சம் வேணும்னா பதினஞ்சு குவிண்டாலுக்கு மேல போட்டாகணும். பத்து மாசம் வெள்ளாமை, வெட்டு, வேக்காடு, காய்ச்சல், பாலீஷ் எல்லாம் முடிச்சு வந்த சரக்குல முக்காவாசி ஒரே நாள்ல போயிடும்.

இதுல என் மனசு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு நினைக்கறீங்க? கட்டிடலாம்ங்கிற பக்கம்தானுங்க. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. பழைய வாசகர்கள் சில பேருக்குத் தெரியும். 2010-ல மஞ்சள் விலை ஏறுச்சே, அந்த வருஷக் கடைசியில மண்டிக்காரர் வீட்டுக்கே வந்து 14,500-க்குக் கேட்டாரு. 24 குவிண்டால் இருந்துச்சு. இருபதாயிரம் போகும்னு ஊரே பேசுச்சு. நானும் இருக்கட்டும்னு வச்சேன். 2012-ல வண்டு விழுந்த சரக்கை 4,200-க்குப் போட்டேன். ரெண்டரை லட்சம் கிட்ட நட்டம். வீட்டம்மாவோட நகை மூணு வருஷம் பேங்குலயே கிடந்துச்சு. அன்னையில இருந்து காத்திருன்னு யாராவது சொன்னாலே எனக்கு அந்த வண்டுதான் ஞாபகம் வரும். கைக்கு வந்ததை வாங்கிப் போடு, அதிகம் ஆசைப்படாதேன்னு உள்ளுக்குள்ள ஒரு குரல்.

வீட்டம்மா நேர் எதிர். "ஏனுங்க, புள்ள எழுதுன பேப்பரைத் திருத்தவே இல்லை, அதுக்குள்ள தோட்டத்துப் பத்திரம் வரைக்கும் போயிட்டீங்களா?"ன்னா.

அம்மிணிகிட்ட கேட்டா, "நீங்க சொல்றது"ன்னா. அப்படிச் சொன்னா அதுக்குக் கட்டுங்கன்னு அர்த்தம். கேக்கத் தயங்குது, அவ்வளவுதான்.

அந்த வாரம் எங்க அக்கா மகன் நியூஜெர்சியில இருந்து போன் பண்ணினான். வழக்கமா மழை பெஞ்சுதா, மாடு கன்னு போட்டுதான்னு கேக்கறவன். நான் இதைச் சொன்னதும், "மாமா, இங்கயும் இதே பஞ்சாயத்துதானுங்க"ன்னான். அவன் பையனுக்கு அதுக்கு முந்தின நவம்பர்ல நடந்திருக்கு. அங்க பெரிய பல்கலைக்கழகங்கள்ல விண்ணப்பிக்க ரெண்டு தவணையாம். ஒண்ணு பெரும்பாலும் நவம்பர் 1-க்குள்ள போடறது, டிசம்பர் நடுவுல பதில் வந்துடும். இன்னொண்ணு ஜனவரி ஆரம்பத்துல போடறது, பதிலுக்கு மார்ச் கடைசி வரைக்கும் ஆகும். முன்கூட்டிப் போடறதுலயே ரெண்டு ரகம். கார்னெல், பிரவுன், கொலம்பியா மாதிரி இடங்கள்ல "எர்லி டிசிஷன்"னு வச்சிருக்காங்க. அப்படி ஒரு இடத்துக்குத்தான் போட முடியும். சீட் கிடைச்சா மத்த இடத்துக்குப் போட்டதையெல்லாம் வாபஸ் வாங்கிட்டு அங்கதான் சேரணும். பையனும் அப்பா அம்மாவும் பள்ளிக்கூடத்து ஆலோசகரும் கையெழுத்துப் போடணுமாம். எம்.ஐ.டி.யில "எர்லி ஆக்ஷன்". முன்னாடியே பதில் வரும், ஆனா கட்டுப்பாடு இல்லை, மே 1 வரைக்கும் யோசிக்கலாம்.

"முன்னாடி போட்டா சீட் கிடைக்கிறது சுலபமா?"ன்னேன்.

"அந்த வரிசையில சேத்துக்கிற விகிதம் அதிகம்தானுங்க மாமா. ஆனா அதுல ஏற்கெனவே தயாரா இருக்கிற புள்ளைங்களும் அதிகம். அதனால முழுசா அப்படிச் சொல்ல முடியாது. எங்களுக்குப் பிரச்சினை வேற. இங்க ஒவ்வொரு காலேஜும் உதவித்தொகை வேற வேற மாதிரி தரும். நாலு இடத்துக் கடிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தான் எது கட்டுபடியாகும்னு தெரியும். எர்லி டிசிஷன் போட்டுட்டா ஒரே கடிதம்தான் வரும். காசு எவ்வளவு ஆனாலும் பரவாயில்லைங்கிற வீட்டுக்கு அது சரி. உதவி பத்தலைன்னா விட்டுட்டு வரலாம்னு விதி இருக்கு, ஆனா அவன் மனசு வச்சுட்ட பிறகு எப்படிங்க வேண்டாம்னு சொல்றது? நாங்க ஜனவரிக்கே போட்டோம்."

அவன் மாசச் சம்பளம் வாங்கற ஆளு, அங்க சொந்த வீடு இருக்கு. அவனே கணக்குப் பாக்கறான். நான் ரெண்டே முக்கால் ஏக்கராவை வச்சுக்கிட்டு கணக்குப் பாக்காம வண்டுக்குப் பயந்துட்டு இருக்கேன். போனை வச்சுட்டு ரொம்ப நேரம் வாய்க்கா மேட்டுல உக்காந்திருந்தேன்.

மறுநாள் அம்மிணியோட கணக்கு வாத்தியாரைப் பார்க்கப் போனேன். ஈமெயிலைப் படிச்சுட்டு, மூணு விஷயம் உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டாரு. ஒண்ணுமே தெரியலை.

முதல்ல கேட்டது, வீட்டுல முதல் பட்டதாரியான்னு. ஆமாங்க, நான் பள்ளிக்கூடத்தோட நின்னவன், வீட்டம்மா பத்தாவது. அப்படின்னா அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சிலிங் வழியாச் சேர்ந்தா கல்விக் கட்டணச் சலுகை உண்டு, தனியார் கல்லூரியா இருந்தாலும் கவுன்சிலிங்ல எடுத்த சீட்டுக்குக் கிடைக்கும். நேரடியாப் பணம் கட்டிச் சேர்ற சீட்டுக்குக் கிடையாது. அந்த ஈமெயில்ல 60,000 தள்ளுபடின்னு பெரிய எழுத்துல போட்டிருந்தாங்களே, அதை வாங்கினா இது போகும். தள்ளுபடிக்கும் அடியில சின்ன எழுத்துல ஒரு நிபந்தனை. வருஷா வருஷம் குறிப்பிட்ட மதிப்பெண் வாங்கினாத்தான் அடுத்த வருஷமும் உண்டாம். அதை நான் பாக்கவே இல்லை.

அடுத்து, கட்டிட்டு பின்னாடி வேண்டாம்னு வந்தா என்ன ஆகும்ங்கிறது. யு.ஜி.சி. 2018-லயே விதி போட்டிருக்கு. சேர்க்கைக்குக் கடைசின்னு அறிவிச்ச தேதிக்கு 15 நாளோ அதுக்கு மேலயோ முன்னாடி விலகினா ஃபீஸ் முழுசும் தரணும், அதுல அலுவல் செலவுன்னு 5 சதவீதம், அதுவும் 5,000-க்கு மேல போகாம பிடிச்சுக்கலாம். அதுக்கப்புறம் 90, 80, 50-ன்னு குறைஞ்சு, கடைசி தேதி முடிஞ்சு 30 நாள் தாண்டினா ஒண்ணும் வராது. அசல் சர்ட்டிபிகேட்டைப் பிடிச்சு வச்சுக்கக் கூடாதுன்னும் அதுலயே இருக்கு. விதி இருக்குதுங்க. ஆனா எங்க பக்கத்து ஊர்ல ஒருத்தர் மகன் விஷயத்துல அசலை வாங்க மூணு தடவை நடந்து, கடைசியில பாதிப் பணத்தை விட்டுட்டு வந்தாரு. எந்த இடம்னு வேண்டாம். ரசீதுல என்ன எழுதியிருக்குன்னு அவரும் படிக்கலை.

மூணாவதுதான் எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டுது. கவுன்சிலிங்ல காத்திருக்கிறதுன்னா கையை விட்டுட்டு நிக்கிறதுன்னு நான் நினைச்சிருந்தேன். அது அப்படி இல்லை. கணக்கு மார்க் நூறுக்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி, மொத்தம் 200-க்குக் கட் ஆஃப். அதை வச்சு ரேங்க். நம்ம சுற்று வரும்போது கல்லூரி, பாடப்பிரிவு ரெண்டையும் பிடிச்ச வரிசையில எத்தனை வேணும்னாலும் கம்ப்யூட்டர்ல கொடுக்கலாம். உத்தேசமா ஒரு சீட் காட்டுவாங்க. அதுக்கப்புறம் அதை ஏத்துக்கிட்டுச் சேரலாம், இல்லைன்னா "இதை வச்சுக்கறேன், ஆனா இதுக்கு மேல கேட்டிருந்தது காலியானா அதைக் குடுங்க"ன்னும் சொல்லலாம். மேல கிடைக்கலைன்னா கீழ இருக்கிறது நம்மளோடதுதான். வேண்டாம்னு விட்டுட்டுப் போகவும் வழி இருக்கு.

"உங்க மஞ்சளுக்கு இப்படி ஒரு மண்டி இருந்திருந்தா விட்டிருப்பீங்களா?"ன்னாரு வாத்தியார். அவருக்கும் என் கதை தெரியும். 14,500-ஐயும் கையில வச்சுக்கிட்டு இருபதாயிரத்துக்கும் காத்திருக்கிற மண்டி. எங்க இருக்குதுங்க அந்த மாதிரி?

ஏப்ரல் 18 ராத்திரி மூணு பேரும் திண்ணையில உக்காந்தோம். ஏட்டைக் காட்டினேன். அம்மிணி 12,80,000-ங்கிற எண்ணையே பாத்துட்டு இருந்தா. "பத்திரம் வைக்கணுமாப்பா?"ன்னா. ஆமான்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "கட் ஆஃப் 188 வரும்பா. ஜிசிடி கிடைக்காட்டியும் ஏதாவது ஒரு கவர்மென்ட் காலேஜ்ல கம்ப்யூட்டர் கிடைச்சுடும். வேண்டாம்"னா. எழுந்து உள்ள போயிட்டா. 20-ம் தேதி போச்சு. பல்கலைக்கழகத்துல இருந்து இன்னொரு ஈமெயில், உங்களுக்காகத் தேதியை ஏப்ரல் 28 வரைக்கும் நீட்டிச்சிருக்கோம்னு. எனக்குச் சிரிப்பு வந்துட்டுது. வியாபாரி எந்திரிச்சுப் போற மாதிரி போயிட்டுத் திரும்பி வந்து விலை கேப்பாரே, அதேதான். அம்மிணி சிரிக்கலை.

மே 8 காலையில ரிசல்ட். கணக்கு 92, இயற்பியல் 88, வேதியியல் 91. கட் ஆஃப் 181.5. அவ நினைச்சதைவிட ஆறரை குறைவு. இயற்பியல்ல ஒரு அஞ்சு மார்க் கேள்வியை விட்டுட்டு வந்ததை யாருகிட்டயும் சொல்லலையாம், அன்னைக்குத்தான் சொன்னா. அன்னைக்குப் பூரா நான் என்ன நினைச்சுட்டு இருந்தேன்னு எழுதவே வெக்கமா இருக்கு. வண்டு திரும்ப வந்துட்டுதுன்னு நினைச்சேன். கட்டியிருந்தா புள்ளைக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் உறுதி. என் பேச்சைக் கேட்டிருக்கணும்னு ஒரு நிமிஷம் வீட்டம்மா மேல கோபம்கூட வந்துச்சு. வாய்விட்டுச் சொல்லலை. சொல்லலைன்னாலும் அவளுக்குத் தெரிஞ்சுதான் இருக்கும்.

மே, ஜூன், ஜூலை. அந்த மூணு மாசம் இருக்குதே, அதைப்பத்தி யாரும் சொல்ல மாட்டாங்க. சொந்தக்காரங்க கல்யாணத்துல பாத்தா முதல் கேள்வி, "எங்க சேத்திருக்கீங்க?" கூட நுழைவுத்தேர்வு எழுதின நாலு பேர்ல ரெண்டு பேர் கட்டிட்டாங்க. அவங்களுக்கு ஹாஸ்டல் ரூம் நம்பர் வரைக்கும் வந்துட்டுது. எங்க வீட்டுல இ-சேவை மையத்துக்கு நடையா நடந்தோம். முதல் பட்டதாரிச் சான்று, வருமானம், சாதி, இருப்பிடம். ஒரு சான்றுல எங்கய்யன் பேர்ல ஒரு எழுத்துத் தப்பாகி அதைத் திருத்தப் பத்து நாள். காத்திருக்கிறதுக்கும் ஒரு விலை இருக்குதுங்க. அதைக் கொடுத்தது எங்க அம்மிணிதான், நான் இல்லை.

ஜூலை கடைசியில கவுன்சிலிங் ஆரம்பிச்சுது. வாத்தியார் வீட்டுல உக்காந்து 38 விருப்பம் பதிஞ்சோம். முதல்ல ஜிசிடி கம்ப்யூட்டர் சயின்ஸ். அப்படியே கீழ இறங்கி, வந்தது ஒன்பதாவது விருப்பம். பஸ்ல போய்ட்டு வர்ற தூரத்துல ஒரு அரசு பொறியியல் கல்லூரி, எலக்ட்ரானிக்ஸ். கம்ப்யூட்டர் இல்லை. ரெண்டு நாள்ல முடிவு சொல்லணும். "வச்சுக்கறேன், மேல பாருங்க"ன்னு குடுத்தோம். மேல எதுவும் வரலை. அதுலயே சேர்ந்துட்டா.

ஃபீஸ் வருஷத்துக்குச் சில ஆயிரம்தான், அதுலயும் முதல் பட்டதாரிச் சலுகை. பத்திரம் பீரோவுலயே இருக்கு. மஞ்சள் விஷயமும் சொல்லிடறேன், கேப்பீங்க. ஏப்ரல்ல சொசைட்டிக் கடனுக்காக 8 குவிண்டாலை 6,600-க்குப் போட்டேன். மீதி 12 இருந்துச்சு. அந்த வருஷம் ஜூலை, ஆகஸ்டுல விலை எகிறுச்சு, ஞாபகம் இருக்கும். ஆகஸ்டுல 13,100-க்குப் போட்டேன். அதை எதிர்பார்த்து வச்சிருந்தேன்னு சொன்னா பொய். கல்லூரிச் செலவு எவ்வளவு ஆகும்னு தெரியாம பயந்து வச்சிருந்தேன். இதை வச்சு என்னைக் கெட்டிக்காரன்னு சொல்லிடாதீங்க. 2012-ல முட்டாளா இருந்த அதே ஆளுதான்.

அம்மிணி இப்ப மூணாவது வருஷம் முடிக்கப் போறா. நல்லாத்தான் படிக்கிறா. ஆனா அன்னைக்குப் பணம் கட்டிச் சேர்ந்த அவ சிநேகிதி லீவுக்கு வந்தப்ப ரெண்டு பேரும் கட்டுத்தரையோரம் நின்னு பேசிட்டு இருந்தாங்க. கம்ப்யூட்டர் கோர்ஸு, கம்பெனி, இன்டர்ன்ஷிப்புன்னு அந்தப் புள்ள பேச, எங்க அம்மிணி கேட்டுட்டே கன்னுக்குட்டி காதைத் தடவிட்டு இருந்தா. நான் பால் கறக்கிற மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அந்தப் புள்ளையோட அப்பா கடன்ல பாதி ஏக்கரா வித்துட்டாரு, அதுவும் எனக்குத் தெரியும். எது சரின்னு இதுக்கு என்கிட்ட பதில் கேக்காதீங்க.

சரி, மேக்காலத் தோட்டத்துக்காரர் விஷயத்துக்கு வர்றேன். போனைத் திருப்பிக் குடுத்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "பையன் ஆறாவதுல இருந்து எங்க படிச்சான்?"

"எல்லாமே நம்மூரு கவர்மென்ட் ஸ்கூல்தாண்ணா."

எங்க அம்மிணி எட்டாவது வரைக்கும் அரசு உதவி பெறும் பள்ளி, அதனால எங்களுக்கு இது பொருந்தலை. ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் முழுக்க அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைகளுக்கு 2021-ல இருந்து பொறியியல்லயும் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு இருக்கு. அதுல கவுன்சிலிங் வழியாச் சேர்ந்தா கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசாங்கமே கட்டும். நான் சொன்னதும் மனுஷன் அப்படியே தீவனக் கட்டு மேல உக்காந்துட்டாரு. தினம் மூணு தடவை போன் பண்றானாம் அந்தப் பல்கலைக்கழக ஏஜென்ட். இதை ஒரு வார்த்தை சொல்லலை. அவன் எதுக்குச் சொல்றான்?

"இன்னும் எதுவும் கட்டலையே?"ன்னேன்.

"பெருசா இல்லைண்ணா. முன்பதிவுன்னு அஞ்சாயிரம் மட்டும் போன வாரம் கட்டினேன்."

ரசீது இருக்கான்னு கேட்டேன். வீட்டுல தேடிப் பாக்கணும்னாரு.